உங்க அக்கா கணக்கில் பாஸான ரகசியம்

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் அக்காவைக் கைப்பிடித்த நாள் முதல் இருபத்து நான்கு வருடங்களாக மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதைத் தவிர வேறொரு பாவமும் அறியாத அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் முழங்காலும், கடையும் சுகம். அங்கே தாங்களும், தங்கச்சியும், குழந்தைகளும் இதே அளவு சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். தாங்கள் புது வீட்டுக்குக் குடிபோன செய்தி அறிந்து மகிழ்ந்தோம். வீட்டில் எல்லா ஃபேனும் சரியான திசையில் சுற்றுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். எதற்குச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

நிற்க. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் பண்ணி, அது ஸ்பீக்கரில் இருக்கிறது என்று தெரியாமல், "அக்கா, உனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம், ரெண்டு தடவை எழுதிப் பாத்தாச்சு, பேசாம விட்டுடு"ன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு இல்லாவிட்டாலும் எனக்கு இருக்கிறது. அன்றைக்கு உங்கள் அக்கா ஏற்கெனவே கழுவி அடுக்கியிருந்த பாத்திரத்தையெல்லாம் மறுபடி எடுத்துக் கழுவினாள். அப்படிப்பட்ட அக்கா, மாப்பிள்ளை, போன வாரம் கணக்கில் பாஸ். நூற்றுக்கு எழுபத்தொன்று. வெயிலில் பிடித்துப் பார்த்தாலும் பாஸ்தான், நான் பிடித்துப் பார்த்தேன். இந்த நல்ல செய்தியை அவளே உங்களுக்குப் போனில் சொல்லுவாள். அவள் சொல்ல முடியாத ஒரு செய்தி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவள் பாஸானது யாரால்? என்னால். இது அவளுக்கே தெரியாது. தெரியவும் கூடாது. படித்து முடித்ததும் கிழித்துப் போடவும், கிழித்ததையும் ஒரே குப்பைத் தொட்டியில் போட வேண்டாம்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கா மழலையர் பள்ளியில் பதினொரு வருடமாக ஆயா வேலைக்கும் டீச்சர் வேலைக்கும் நடுவில் ஒரு வேலை பார்க்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவது இவள், பாட்டுச் சொல்லிக் கொடுப்பது டீச்சர். அந்த டீச்சர் நாற்காலி ஒன்று காலியானது. பெரிய டீச்சர் கூப்பிட்டு, "உங்களுக்குத்தான் தரணும்னு எனக்கு ஆசை, ஆனா டிகிரி வேணுமே, அதுவரைக்கும் ஆள் போடாம சமாளிக்கிறேன், சீக்கிரம் முடிச்சுட்டு வாங்க"ன்னு சொல்லிவிட்டார். மாலை நேரக் கல்லூரியில் சேர்ந்து மற்ற எல்லாத் தாளையும் உங்கள் அக்கா ஊதித் தள்ளினாள். கட்டாயக் கணிதம் என்று ஒரு தாள் குறுக்கே படுத்திருந்தது. மூன்று வயசுப் பிள்ளைக்கு ஒண்ணு ரெண்டு சொல்லித் தருவதற்கு எதற்கு இருபடிச் சமன்பாடு என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வி அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தில் இல்லை, தாள் இருந்தது. மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் போனால் மற்ற தாள்களும் சேர்ந்து போய்விடும், நாற்காலியும் போய்விடும்.

முதல் தடவை பத்தொன்பது. இரண்டாவது தடவை இருபத்திரண்டு. அந்த இரண்டாவது தடவைக்கு அவள் புத்தகத்திலிருந்த கணக்கு எல்லாவற்றையும், விடையோடு, கமாவோடு மனப்பாடம் பண்ணிவிட்டுப் போனாள். வெளியே வந்து, "ஏங்க, கணக்குல இருந்த எண்ணையெல்லாம் மாத்திட்டாங்க"ன்னா பாருங்க, எனக்கே அந்தக் கல்லூரி மேல் ஆத்திரம் வந்தது. இத்தனைக்கும் நல்ல மனுஷி, பொய் சொல்லத் தெரியாதவள், அவளிடம் போய் இப்படி எண்ணை மாற்றலாமா?

அங்கே கணக்குப் பாடம் எடுக்கிறவர் ஒருத்தர் இருக்கிறார். எந்த வாக்கியத்தையும் "அதாவது" என்று தொடங்குவார், அதற்கு முன்னால் ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டார். அதனால் அவருக்கு அதாவது சார் என்றே பெயர். உங்கள் அக்கா அவரிடம் போய் நின்றதும், "அதாவது, நீங்க கத்துக்கறதை விட்டுடுங்க, யாருக்காவது கத்துக் குடுங்க, அப்பதான் புரியும், ஒண்ணுமே தெரியாத ஆளாப் பாத்துப் பிடிங்க"ன்னு சொல்லியிருக்கிறார். இவள் பஸ் ஏறி நேராகக் கடைக்கு வந்தாள். நான் ஒரு தண்ணீர் மோட்டாருக்கு நூற்று நாற்பத்தாறாவது சுற்று சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றும்போது யாரும் என்னோடு பேசக் கூடாது, பேசினால் எண்ணிக்கை போய்விடும், அதனால் ஒவ்வொரு நூறுக்கும் ஒரு நட்டை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு மாற்றி வைப்பேன், இதெல்லாம் தெரிந்தவள்தான். அவள் பேசவில்லை. வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒண்ணுமே தெரியாத ஆள் கிடைத்துவிட்டான் என்கிற சந்தோஷம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு எண்ணிக்கை போய்விட்டது.

மறுநாள் காலையிலிருந்து பள்ளிக்கூடம் ஆரம்பம். அவள் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம். இடம், நம்ம கடை. கரும்பலகைக்கு எங்கே போவது? ஷட்டரைப் பாதி இறக்கி, அதன் உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தாள். ஷட்டரில் பட்டை பட்டையாக மடிப்பு இருக்கிறதா, வரைபடம் போடுவதற்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறதென்று அவளுக்கு ஒரே குஷி. வெளியே வந்தவர்களுக்குக் கடை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியவில்லை, குனிந்து எட்டிப் பார்த்தவர்களுக்கு நான் கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஆமாம், கையைக் கட்டித்தான் உட்காரணும். பதினொரு வருஷப் பழக்கம் அவளுக்கு, வேறு மாதிரி வகுப்பு நடத்தத் தெரியாது. "முதல்ல கை கழுவிட்டு வாங்க." "அங்க என்ன பராக்கு?" "பதில் தெரிஞ்சா கை தூக்கணும், கத்தக் கூடாது." சரியாகச் சொன்னால் சிவப்புப் பேனாவால் முழங்கைக்குக் கீழே ஒரு ஸ்டார் போடுவாள். உள்ளங்கையிலும் புறங்கையிலும் கிரீஸ் இருப்பதால் பேனா எழுதாது. சலவைக் கடை அம்மா ஒருநாள் மோட்டாரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் கையைப் பார்த்து, "ஏன்ணே, இது ஏதாச்சும் கட்சியா?"ன்னு கேட்டாங்க. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்னத்தைச் சொல்வது?

இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், ஒரு மணி நேரம் முடிந்ததும் ஷட்டரை மேலே ஏற்ற வேண்டும், ஏற்றினால் பாடமும் சேர்ந்து சுருண்டு மேலே போய்விடும். மறுநாள் இறக்கினால் பாதி இருக்கும், பாதி கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருதடவை இப்படித்தான் மைனஸ் குறி ஒன்று மேலேயே தங்கிவிட்டது. அது தெரியாமல் நானும் அவளும் இரண்டு நாள் வேறு ஏதோ கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தோம். விடை வரவே இல்லை. அவள் புத்தகத்தைத் திட்டினாள், பிறகு என்னைத் திட்டினாள், மூன்றாம் நாள் புத்தகத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு ஷட்டரைத் திட்டினாள். அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மாப்பிள்ளை. "நாலு மாசந்தான் இருக்கு, எனக்கு ஒரு கோடு இருக்கா இல்லையான்னுகூடத் தெரியல"ன்னு சொன்னாள். இவளை எப்படியாவது பாஸ் பண்ண வைத்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். எப்படி என்றுதான் தெரியவில்லை, ஏனென்றால் அதுவரைக்கும் எனக்கும் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை, ஸ்டாரெல்லாம் பெரும்பாலும் ஒழுக்கத்துக்குக் கிடைத்தது.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன ஃபேன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளாக மைனஸ் இன்டு மைனஸ் ஏன் ப்ளஸ் என்று அவள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது ப்ளஸ் என்று அவளுக்குத் தெரியும், ஏன் என்றுதான் தெரியாது. நான், "ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணும் இல்லேன்னா எப்படிம்மா சேர்ந்தா நிறைய வரும்?"ன்னு கேட்டேன், அவள், "உங்களுக்கு வாய் அதிகம்"ன்னாள். இந்தப் பேச்சுக்கு நடுவில் தெருமுனை சலூன்காரருடைய எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் காயில் கட்டி முடித்தேன், கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தேன். ஐந்தே நிமிஷம். சலூன்காரர் கையில் கத்தியோடு வந்து நிற்கிறார், தலை முழுக்க முடி, அவர் முடி இல்லை, ஊர் முடி. "அண்ணே, இது காத்தை வெளிய தள்ளுற ஃபேனா, இல்ல தெருவை உள்ள கூட்டிட்டு வர்ற ஃபேனா?"ன்னு கேட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். உள்ளே ஒரே புயல். நாற்காலியில் பாதி மழித்த முகத்தோடு ஒருத்தர், சோப்பு நுரை மேல் நாலைந்து பேருடைய முடி ஒட்டி, திடீரென்று வேறு மாதிரி தாடி வளர்ந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அந்த ஃபேனுக்குள்ளே இரண்டு காயில், ஒன்று ஓட்டி வைக்கிற காயில், இன்னொன்று தள்ளிவிடுகிற காயில். தள்ளிவிடுகிற காயிலின் இரண்டு முனையை இடம் மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். அதைத்தான் பாடத்தைக் கேட்டபடி மாற்றிக் கொடுத்திருக்கிறேன். சரி, திரும்ப மாற்றினால் தீர்ந்தது. ஆனால் ஒரு பக்கம் சலூன்காரர் கத்தியோடு கத்துகிறார், இன்னொரு பக்கம் தாடிக்காரர் கண்ணைத் திறக்காமல் திட்டுகிறார், அந்தப் பதற்றத்தில் நான் இரண்டு காயிலையுமே மாற்றிக் கொடுத்துவிட்டேன். சுவிட்சைப் போட்டால் மறுபடியும் அதே பக்கம், அதே புயல். இரண்டையும் மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை. ஒன்றை மாற்றினால் திரும்பும், இன்னொன்றையும் மாற்றினால் திரும்பியது திரும்பிவிடும். நான் ஏணி மேல் நின்றபடி, "மைனஸ் இன்டு மைனஸ் ப்ளஸ்!"ன்னு கத்தினேன். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "அண்ணே, மெதுவா இறங்கி வாங்க, தண்ணி குடிங்க"ன்னார்.

ஃபேனைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். உங்கள் அக்கா அன்றைக்கு லீவு, புத்தகத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் மைனஸ் இன்டு மைனஸ் ஏன் ப்ளஸ் என்பதை இரண்டு காயிலோடு சேர்த்து மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். ஒரு ஸ்டாராவது கிடைக்கும் என்று கையை நீட்டினேன். அவள் புத்தகத்தை மூடினாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒண்ணுமே தெரியாதவன் என்று நம்பிப் பிடித்த ஆள் தனக்கு முன்னாலேயே புரிந்துகொண்டு வந்து நின்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? பத்தொன்பது, இருபத்திரண்டு, அதற்கு மேல் புருஷன் வேறு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் நானே அவள் மனசை உடைத்துவிட்டேன். இனிமேல் இந்த ஜென்மத்தில் அவளுக்கு முன்னால் எனக்கு ஒரு கணக்கும் புரியக் கூடாது என்று அன்றைக்கே சபதம் எடுத்தேன்.

மாப்பிள்ளை, மக்காக இருப்பது சுலபம், நான் ஐம்பது வருஷம் இருந்திருக்கிறேன். மக்காக நடிப்பது இருக்கிறதே, அது பெரிய வித்தை. எங்கே புரியவில்லை என்று சொல்ல வேண்டும் என்பது தெரிய வேண்டுமானால் முழுசும் புரிந்திருக்க வேண்டும். அதனால் அவள் பள்ளிக்கூடம் போனதும் நான் அவளுடைய புத்தகத்தை எடுத்து மறுநாள் பாடத்தைப் படித்துவிடுவேன். கணக்கையெல்லாம் எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று குறித்து வைக்கிற நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்ப்பேன். ஒருநாள் தவறிப்போய்ச் சலவைக் கடை மோட்டாரில் கட்டுகிற சீட்டிலேயே போட்டுவிட்டேன், அந்த அம்மா வந்து, "எக்ஸ் ஏழுன்னு எழுதியிருக்கே, அப்ப ஏழாந்தேதி குடுத்துருவீங்களா?"ன்னு கேட்டாங்க, ஏழாம் தேதியே கொடுத்தேன்.

இப்படித் தயார் பண்ணிக்கொண்டு போய்த்தான் ஸ்டூலில் உட்கார்ந்து பேந்தப் பேந்த விழிப்பேன். அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று பார்த்து அந்த இடத்தில் சரியாக ஒரு முட்டாள் கேள்வி போடுவேன். "ஏம்மா, ப்ளஸ் அஞ்சு அந்தப் பக்கம் போனா மைனஸ் அஞ்சு ஆகுதுன்றியே, போற வழியில அதுக்கு என்ன ஆச்சு?"ன்னு ஒருநாள் கேட்டேன். அவள், "அது அப்படித்தான், போனா மாறிடும்"ன்னாள். "அதான் ஏன்?"னு விடாமல் கேட்டேன். அவள் ஷட்டரில் இரண்டு பக்கமும் மைனஸ் அஞ்சு என்று எழுதிப் பார்த்தாள், அப்புறம் மெதுவாக, "அது எங்கயும் போகலைங்க, ரெண்டு பக்கமும் அஞ்சைக் கழிக்கிறோம், இந்தப் பக்கம் காணாமப் போகுது, அந்தப் பக்கம் தெரியுது, அவ்வளவுதான்"னு சொன்னாள். சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்ட மாதிரி என்னைப் பார்த்தாள். அப்போது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்கணும். நான், "எனக்கு இன்னும் புரியல"ன்னேன். அவள் சந்தோஷமாக இன்னொரு தடவை சொன்னாள். இன்னொரு நாள், "ஒரே கணக்குக்கு எப்படி ரெண்டு விடை வரும்? ஒண்ணு உண்மைன்னா இன்னொண்ணு பொய்தானே?"ன்னு கேட்டேன். "ஏன், என் வகுப்புல 'சிவப்புச் சட்டை போட்டது யாரு'ன்னு கேட்டா ரெண்டு பிள்ளைங்க எழுந்திருக்கும், ரெண்டும் நிஜந்தான்"னு பளிச்சென்று சொன்னாள். இதை அதாவது சாரால் சொல்லியிருக்க முடியுமா? சில நாள் சின்னச் சின்னத் தப்புகூடப் பண்ணுவாள், பாவம், நான் ஒன்றும் தெரியாத மாதிரி, "மூணு எட்டு எவ்வளவும்மா, எனக்கு மறந்துபோச்சு"ன்னு இழுப்பேன், அவள் திரும்பிப் பார்த்துத் தன் தப்பைத் தானே திருத்திக்கொள்வாள். நாலு மாசம் மாப்பிள்ளை, நாலு மாசம் எனக்குத் தெரிந்ததையெல்லாம் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பரீட்சை அன்றைக்கு நானும் கூடப் போனேன். அவள் உள்ளே போனதும் உட்கார இடம் தேடினேன். காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு, அதில் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்திலேயே ஒரு பையன் எழுந்து வெளியே வந்துவிட்டான், முகத்தில் கவலையே இல்லை, கேள்வித்தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். நான் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தேன். எல்லாம் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. ஒரு தோட்டம், அதைச் சுற்றி ஒரே அகலத்தில் ஒரு நடைபாதை, பாதையின் பரப்பு இவ்வளவு, அகலம் என்ன என்று கேட்டிருந்தான். நான் எப்படிப் போட்டாலும் பாதை ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வந்து நிற்கிறது, புத்தகக் கணக்கில் அப்படி ஒன்றரை வராதே. எனக்கே வரவில்லையென்றால் அவளுக்கு எப்படி வரும்? நான்தானே இந்த இடத்தில் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டேன், என்னால்தானே அவள் போகப்போகிறாள் என்று சுவரில் தலையை முட்டிக்கொள்ளாத குறை.

மணி அடித்து அவள் வந்தாள். நான் முதலில் கேட்டதே, "அந்தத் தோட்டம் என்னாச்சு?"ன்னுதான். அவள், "உங்களுக்கு எப்படித் தோட்டம் தெரியும்?"னு கேட்டாள், நான், "பையன் சொன்னான்"னு உளறினேன். பெஞ்சிலேயே உட்கார்ந்து என் பென்சிலை வாங்கிப் படம் போட்டுக் காட்டினாள். நாலு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு நாலு மூலையை விட்டுவிடுவார்களாம் எல்லோரும், மூலையைச் சேர்த்துக்கொண்டால் சமன்பாடு தானாக வந்துவிடுமாம். எனக்கு நிஜமாகவே புரியவில்லை. "இன்னொரு தடவை சொல்லு"ன்னேன். என்னை ஒருமாதிரி பார்த்து, "நிஜமாவே புரியலையா?"ன்னு கேட்டாள். தலையை ஆட்டினேன். மறுபடியும், அவசரப்படாமல், மூன்று வயசுப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். புரிந்தது. அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்து நான் கற்றுக்கொண்ட ஒரே கணக்கு அதுதான். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது, மாப்பிள்ளை, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆக, எழுபத்தொன்று. பெரிய டீச்சர் நேரில் கூப்பிட்டு வாழ்த்தினாராம். நம் வீட்டில் கணக்கு என்கிற பேச்சு இத்துடன் முடிந்தது. நானும் ஷட்டரைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், கிண்ணத்து நட்டெல்லாம் பழையபடி சுற்று எண்ணுகிற வேலையைப் பார்க்கிறது. நீங்கள் அடுத்த முறை போன் பண்ணும்போது, அக்காவிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடவும். ஏழாம் பொருத்தம் என்று சொன்னது தப்பு என்று ஸ்பீக்கரிலேயே சொல்லவும், நானும் கேட்க வேண்டும். என்னுடைய பங்கைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது. அவள் தானாகவே ஜெயித்ததாக இருக்கட்டும். செய்ததைச் சொல்லிக் காட்டுகிற ஆள் நான் இல்லை, அதனால்தான் உங்களிடம் மட்டும் பத்துப் பக்கத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் இருவரும் எதைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் நூறு வயசு வரைக்கும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பது இந்த அத்தானின் ஆசீர்வாதம். தங்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

இப்படிக்கு,
எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாத,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உங்கள் புது விலாசம் அக்காவின் டைரியில்தான் இருக்கிறது. உறையை நன்றாக ஒட்டி, மேலே காயிலுக்குப் பூசுகிற வார்னிஷும் பூசி, விலாசம் மட்டும் எழுதி அனுப்பச் சொல்லி அவளிடம் கொடுத்திருக்கிறேன். பயப்பட வேண்டாம், அவள் பிரிக்க மாட்டாள்.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு:

தம்பி, அக்கா எழுதறேன். வார்னிஷ் காயறதுக்கு முன்னாடியே பிரிச்சுட்டேன். மூணு வயசுப் பிள்ளைங்க பாக்கெட்டுல என்ன ஒளிச்சு வெச்சிருந்தாலும் கண்டுபிடிக்கிற வேலைல இருக்கேன், இதென்ன பெரிய விஷயம்?

பத்தொன்பதும் இருபத்திரண்டும் நிஜம். ஷட்டர்ல மைனஸ் காணாமப் போனதும், நான் அழுததும் நிஜம். மத்தது அப்படி இல்ல. அன்னைக்குக் கன்னத்துல கை வெச்சுட்டு சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தேன்னு எழுதியிருக்காரே, அது எனக்குக் கடைவாய்ப் பல்லு வலி. பேசினா உயிர் போச்சு. இவர் வந்து காயில் கதை சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், மைனஸ் அன்னைக்குத்தான் எனக்கும் புரிஞ்சுது. வலி நின்னதும் நல்லா இருந்துச்சுன்னு சொல்லலாம்னு பாத்தா, மறுநாள்லேருந்து மனுஷன் மக்கு மாதிரி உக்காந்திருக்கார்.

ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சுட்டேன். நிஜமாப் புரியாத பிள்ளை எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியாதா? புரியாதவங்க கேள்வியே கேக்க மாட்டாங்க, தலையைத் தலையை ஆட்டுவாங்க. இவர் ஊசி குத்தற மாதிரி அதே இடத்துல கேக்கறார். நோட்டைத் திருப்பிப் பாத்தேன், பின்பக்கம் பூரா கணக்கு. அதுல நாலஞ்சு தப்பு வேற. அதைத்தான் மறுநாள் ஷட்டர்ல நான் தப்பாப் போட்டு வெச்சுட்டு, இவரே கண்டுபிடிக்கிற வரைக்கும் விழிச்சுட்டு நிப்பேன். பாவம், மூணு எட்டு எவ்வளவுன்னு கேட்டுத் திருத்தினாராம்.

ஏன் சொல்லலைன்னு கேப்பே. கல்யாணமாகி இருபத்துநாலு வருஷமா இவர் வாய்லேருந்து நான் கேட்டதெல்லாம் நூத்தி நாப்பத்தஞ்சு, நூத்தி நாப்பத்தாறுதான். காலைல ஒரு மணி நேரம் என் முகத்தைப் பாத்து உக்காந்து, நான் எங்க தடுமாறுறேன்னு கவலைப்பட்டார்ல, அதை எப்படிடா நிறுத்தச் சொல்லுவேன்? எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

இப்ப முக்கியமான விஷயம். பாஸானது முதல் தாள்தான். கணிதத்துல ரெண்டாவது தாள் ஒண்ணு இருக்கு, புள்ளியியல். அதையும் முடிச்சாத்தான் டிகிரி, அப்புறந்தான் நாற்காலி. பெரிய டீச்சர் கூப்பிட்டதும் அதைச் சீக்கிரம் முடிங்கன்னு சொல்லத்தான். உங்க அத்தான் ஒரே தாள்தான்னு நினைச்சுட்டிருக்கார், நான் இன்னும் சொல்லல. நேத்து புத்தகத்தைத் திறந்து பாத்தேன் தம்பி, முதல் பக்கத்துலயே கண்ணைக் கட்டிடுச்சு. இந்தத் தடவை நடிப்பு இல்ல, எனக்கு நிஜமாவே ஒரு எழுத்துகூடப் புரியல. அவர் இல்லாம முடியாது.

அதனால நீ இந்தக் கடிதத்தைப் படிச்சதா இருக்கட்டும், என் பக்கத்தை மட்டும் படிக்கவே இல்ல. நானும் வெளியில ஒரு வார்த்தை மூச்சு விட மாட்டேன். நாளைக்குக் காலைல புதுப் புத்தகத்தைக் கொண்டுபோய் கடைல வெச்சு, "இது ரொம்பக் கஷ்டமான பாடம், உங்களுக்கு இதெல்லாம் புரியாது, சும்மா கையைக் கட்டிட்டு உக்காருங்க"ன்னு சொல்லப்போறேன். அவருக்கு அது போதும். சாயங்காலத்துக்குள்ள பாதிப் புத்தகத்தைப் படிச்சு முடிச்சுடுவார்.